பேசாத நாற்பத்தெட்டு நாள்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பியிருந்த செய்தியை அன்றைக்கே படித்துவிட்டேன். உடனே பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை. போனில் தட்டினால் நான்கு வரியில் முடித்துவிடுவேன். இது நான்கு வரியில் முடிகிற விஷயம் இல்லை என்பதால் கடைக்குப் போய்க் காகிதம் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். தை பிறந்ததும் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு ஆசிரமத்தில் சேரப்போவதாகவும், முதல் ஒரு வருஷம் மௌனம் என்றும் எழுதியிருக்கிறாய். ‘உள்ளே சரியாகாம வெளியே எதையும் சரி பண்ண முடியாதுப்பா’ என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, ‘அமைதின்னா என்னன்னு உங்களப் பார்த்துத்தான் தெரிஞ்சிக்கிட்டேன்’ என்று ஒரு வரி. அந்த வரிதான் என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது. நீ பார்த்தது பாதி. மீதியை உனக்குச் சொல்லாமல் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டேன்.

நீ களைத்துப் போயிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்ட வந்து, கூட்டி வந்தவனிடமே அடைபட்டுக் கிடந்த ஆறு குடும்பங்களின் வழக்கை நீ எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர்கள் வந்து நிற்பதும், எதிர்த்தரப்பு வக்கீல் வராமல் போவதும், போன மாதம் உன் சாட்சியே கூண்டில் ஏறி ‘எங்கள யாரும் அடைக்கலைங்க’ என்று சொன்னதும் எல்லாம் நீ சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு போனில் உன் குரல் வேறு யாருடைய குரலோ போல இருந்தது. அப்படிப்பட்டவனிடம் ஒருவர் வந்து, ‘கண்ணை மூடு, உள்ளே பார், அங்கே யாரும் பொய்ச்சாட்சி சொல்வதில்லை’ என்று சொன்னால் மனம் அங்கேதான் போகும். என் மனமும் அப்படித்தான் போனது.

கரியாலூருக்கு மேலே நம் ஊரில் நான் போஸ்ட் மாஸ்டராக இருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். வீட்டின் முன்னறைதான் தபால் ஆபீஸ். தபாலுக்கு வந்தவர்களைவிட மனுவுக்கு வந்தவர்கள்தான் அதிகம். மலையில் அன்றைக்கு எழுதத் தெரிந்தவர்கள் குறைவு, எழுதத் தெரிந்தாலும் எந்த அதிகாரிக்கு எழுதுவது என்று தெரிந்தவர்கள் இன்னும் குறைவு. சாதிச் சான்று, ரேஷன் அட்டை, பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது வாத்தியார், கச்சிராயபாளையத்திலிருந்து மதிய பஸ் என்று எல்லாவற்றுக்கும் எழுதினேன். கலெக்டர் ஆபீஸ் அப்போது விழுப்புரத்தில் இருந்தது. போக ஒரு நாள், வர ஒரு நாள். ஐந்து மனுப் போட்டால் ஒன்று பலிக்கும். வாத்தியார் வந்தார். பஸ் வந்தது. அதற்காக யாரும் என்னைக் கொண்டாடவில்லை. குழாய் அந்தத் தெருவுக்குப் போனது, எங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை என்று வாசலில் வந்து சண்டை போட்டார்கள். ஆபீஸ்களில் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ‘மனுக்காரன் வந்துட்டான்’ என்று என் காதுபடச் சொல்வார்கள். உன் அம்மா மட்டும், “திட்றாங்கன்னா வேலை நடக்குதுன்னு அர்த்தம்” என்பாள்.

அவள் போன பிறகு என்னிடம் அதைச் சொல்ல ஆளில்லை. காரியம் முடிந்ததும் நீ சென்னைக்குக் காலேஜுக்குத் திரும்பிவிட்டாய். எனக்குத் தூக்கம் போய்விட்டது. முத்திரை குத்திய உறையை மறுபடியும் குத்துவேன். வருகிறவர்கள் பேசுவது காதில் விழும், பொருள் விளங்காது. அப்போதுதான் மலையடிவாரத்தில் இருந்த சாமியிடம் ஒருவர் என்னைக் கூட்டிப்போனார். அவரைப் பற்றித் தவறாகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஒரு வேளைச் சோறு. யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. என்னை உட்கார வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “எத்தினி பேருக்கு மனு எழுதின? ஒனக்குன்னு ஒரு மனு எழுதினியா?” என்று கேட்டார். நான் அங்கேயே உடைந்து அழுதேன். மூச்சைக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்தார். பத்தாவது நாள் தூங்கினேன், தம்பி. ஏழு மாதத்துக்குப் பிறகு வந்த தூக்கம். அது பொய்யில்லை. உனக்கும் அங்கே அமைதி கிடைக்கும் என்றே நினைக்கிறேன். கிடைக்காது என்று நான் சொன்னால் அது பொய்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நீ கேட்க வேண்டியது. மனுவுக்கு வந்தவர்களை நான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அனுப்பத் தொடங்கினேன். “மொதல்ல உக்காருங்க, கண்ண மூடுங்க. மனசு சரியானா எல்லாம் சரியாவும்” என்பேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். எனக்குக் கிடைத்தது அவர்களுக்கும் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டாவது வாத்தியார் மாற்றலாகிப் போனார், அந்த இடத்துக்கு ஆள் கேட்டு நான் எழுதவில்லை. மதிய பஸ்ஸை நிறுத்தினார்கள், அதற்கும் எழுதவில்லை. வேறு யாருக்கும் எழுதத் தோன்றவில்லை, ஏனென்றால் எழுதுகிறவன் நான்தான் என்று ஊர் இருபது வருஷமாகப் பழகியிருந்தது. ஆனால் யாரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை. மனு எழுதியபோது கிடைக்காத மரியாதை கண்ணை மூடியதும் கிடைத்தது. பௌர்ணமிதோறும் என்னோடு கண்ணை மூடி உட்கார ஊர் கூடியது. பெண்கள் குழந்தைகளைக் கொண்டுவந்து என் கையைத் தலையில் வைக்கச் சொன்னார்கள். அதிகாரிகள் மலைக்கு வந்தால் என்னைப் பார்த்து வணங்கிவிட்டுப் போனார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

மேஸ்திரியும் வந்தான். அவனை நீ பார்த்திருப்பாய், சிவப்பாக, எப்போதும் வெள்ளைச் சட்டையில் இருப்பான். கட்டட வேலை என்று சொல்லி மலையிலிருந்து ஆட்களை வண்டியில் ஏற்றிப் போவான். மாநில எல்லைக்கு அப்பால் காட்டில் செம்மரம் வெட்டத்தான் போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். போனவர்களில் சிலர் ஜெயிலுக்குப் போனார்கள், சிலர் திரும்பவே இல்லை. அவன்மேல் நான் முன்பு இரண்டு மனு போட்டிருந்தேன். என்னைப் பார்த்தால் எச்சில் துப்புகிறவன், இப்போது முன்வரிசையில் வந்து உட்கார்ந்தான். “சார், இப்பத்தான் சார் நீங்க சரியான வழிக்கு வந்துகிறீங்க” என்றான். அந்தக் கூட்டத்துக்கென்று ஊரார் கட்டிய தியான மண்டபத்துக்குத் தகரக் கூரை அவன் போட்டுக் கொடுத்தான். மூன்று மாதத்தில் மண்டபம் எழும்பியது. பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குக் கதவு கேட்டு நான் ஆறு வருஷம் எழுதியிருந்தேன், அது அப்படியேதான் கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை. மேஸ்திரியின் மனம் திரும்பிவிட்டது என்றுதான் எண்ணிக்கொண்டேன்.

கார்த்திகையில் ஒரு மண்டலம் மௌனம் எடுத்தேன். நாற்பத்தெட்டு நாள் பேசுவதில்லை, ஆபீஸ் ரிஜிஸ்டரைத் தவிர எதுவும் எழுதுவதில்லை, சைகையும் மிகக் குறைவு. தபால்காரர் எனக்காகப் பேசிக்கொள்வார். முப்பத்தொன்றாவது நாள் காலை, தபால் பை கட்டும் நேரத்தில் மூன்று பெண்கள் வந்து வாசலில் நின்றார்கள். முன்னால் நின்றவள் அலமேலு, வெள்ளையனின் மனைவி. வெள்ளையனை உனக்குத் தெரியும், நம் வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றித் தந்தவன். இடது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். இடுப்பில் பெண் குழந்தை.

“சார், எங்கூட்டுக்காரரு போயி இருவத்திரெண்டு நாளாவுது. மொதோ நாலு நாளு போன் வந்துச்சி. அப்பறம் சுச்சாப்புன்னே வருது. மேஸ்திரியக் கேட்டா வருவான் போன்னு தொரத்தறாரு. இவங்க ரெண்டு பேரு வூட்டு ஆளுங்களும் அதே வண்டிலதான் போனாங்க. கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க சார்.”

நான் கைகூப்பினேன். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். சுவரில் இருந்த காலண்டரைக் காட்டி, இன்னும் பதினேழு நாள் என்று விரல்களால் சொன்னேன். கூட வந்த இரண்டு பெண்களும் வயதில் மூத்தவர்கள். அவர்கள் புரிந்துகொண்டது போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். அலமேலு நகரவில்லை.

“வாயத்தான சார் மூடிக்கினீங்க? கையி இன்னா ஆச்சி? இப்பக்கூட அந்த நோட்டுல எழுதிக்கினு இருந்தீங்களே!”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். நான் செய்தது அதுதான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும், குழந்தை சிணுங்குவது கேட்டது. பிறகு கேட்கவில்லை. கண் திறந்தபோது வாசலில் தபால்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குள் ஒரு சலனமும் இல்லை என்பதைக் கவனித்தேன், அதில் ஒரு பெருமையும் இருந்தது. அன்று மாலை தியானம் மிக நன்றாகக் கூடியது. வேறு எந்த நாளும் அப்படிக் கூடியதில்லை.

மலையில் வேறு எழுத ஆளில்லாததால் அவர்கள் மறுபடியும் மேஸ்திரியிடமே போனார்கள். அவன் இந்த முறை துரத்தவில்லை. தேடித்தருவதாகச் சொல்லி, போலீசுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் மூன்று பேரிடமும் கைரேகை வாங்கினான். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை நான் பின்னால் போலீசுக்கு எழுதியபோதுதான் தெரிந்துகொண்டேன். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு தாங்களாகவே எங்கேயோ போய்விட்டார்கள், யார் மேலும் புகார் இல்லை என்று எழுதியிருந்தது.

நாற்பத்தெட்டாவது நாள் நீ பொங்கல் லீவில் வந்திருந்தாய். மண்டபம் நிறைந்திருந்தது. வெள்ளிமலையிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். நான் வாய் திறந்து முதலில் சொன்ன சொல் உன் பெயர். நீ என் காலில் விழுந்து அழுதாய். ‘அம்மா போனதுக்கப்பறம் உங்க முகத்துல இப்படி ஒரு வெளிச்சத்த பாக்கலப்பா’ என்று சொன்னாய். நீ இன்று அமைதி என்று எழுதுகிறாயே, அது அன்றைக்கு நீ பார்த்த முகம். அந்த முகத்துக்குப் பின்னால் ஒருத்தியின் கேள்வி பதிலில்லாமல் கிடந்தது.

நீ கிளம்பிய மறுநாள் அந்த மூன்று பேரில் இரண்டு பேர் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். தாடியும் புண்ணுமாக, ஒரு மாதமாகக் காட்டில் ஒளிந்தும், நடந்தும் லாரியிலுமாக வந்திருந்தார்கள். காட்டில் ஆட்கள் துரத்தியபோது ஆளுக்கொரு பக்கம் ஓடியதாகவும், வெள்ளையன் பாறையிலிருந்து விழுந்ததைப் பார்த்ததாகவும் சொன்னார்கள். அன்றைக்கே எழுத ஆரம்பித்தேன். கலெக்டருக்கு, போலீசுக்கு, எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிகளுக்கு எல்லாம் அவன் போட்டோவை வைத்து எழுதினேன். பன்னிரண்டாம் நாள் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. தலையில் அடிபட்டு, பெயர் சொல்ல முடியாத நிலையில் ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். இருபத்தாறு நாள் உயிரோடு இருந்திருக்கிறார். தேடி யாரும் வராததால் அடையாளம் தெரியாதவர் என்று பதிந்து அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கூட ஒரு போட்டோ. கை தெரிந்தது. சுண்டுவிரல் பாதி.

தேதிகளைக் கூட்டிப் பார்த்தேன். அலமேலு என் வாசலில் வந்து நின்ற நாளுக்குப் பிறகு வெள்ளையன் ஒன்பது நாள் உயிரோடு இருந்திருக்கிறான். அன்றே எழுதியிருந்தால் ஒன்பது நாளில் கண்டுபிடித்திருப்பார்களா என்று நீ வக்கீலாகக் கேட்கலாம். தெரியாது. பதில் வரவே பன்னிரண்டு நாள் ஆனது. ஆனால் என் மேஜைமேல் ஒரு டெலிபோன் இருந்தது. தபால்காரர் கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருந்தால் அவர் பேசியிருப்பார். அவன் பிழைத்திருக்காவிட்டாலும், ஒரு பெயரோடு செத்திருப்பான். பக்கத்தில் அவள் இருந்திருப்பாள்.

போட்டோவை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். போட்டோவை வாங்கிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. நான் என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் முறத்தைக் கீழே வைக்காமலே, “இப்ப பேசறீங்களா சார். பேசுங்க. எனக்குத்தான் இனிமே கேக்கறதுக்கு ஒன்னும் இல்ல” என்றாள்.

சாமியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. “அது அவன் கர்மா. நீ ஒன் மனசக் கலங்க வுடாத” என்றார். என்மேல் இருந்த அன்பில்தான் சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன், அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. அந்த வருஷமே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு மலையை விட்டு இறங்கி, கள்ளக்குறிச்சியில் இந்த வாடகை வீட்டுக்கு வந்தேன். எல்லாவற்றையும் துறந்துவிட்டேன் என்று நீ உன் நண்பர்களிடம் சொன்னாய். நான் ஓடி வந்தேன், தம்பி.

இதோடு என் தவறு முடிந்திருந்தால் கூடப் பரவாயில்லை. பத்து வருஷத்துக்கு மேல் இந்த வீட்டில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? தினமும் காலையில் உட்கார்ந்து வெள்ளையனை நினைத்து வருந்தினேன். அவன் செத்த தேதியில் பட்டினி கிடந்தேன். இனி யாருக்கும் மனு எழுதத் தகுதியில்லாதவன் என்று எனக்கு நானே ஒரு தண்டனை கொடுத்துக்கொண்டு, பேனாவைத் தொடாமல் இருந்தேன். அதைப் பிராயச்சித்தம் என்று நினைத்தேன். முன்பு கண்ணை மூடி அமைதியைப் பார்த்தேன், இப்போது கண்ணை மூடிப் பாவத்தைப் பார்த்தேன். இரண்டு முறையும் நான் பார்த்துக்கொண்டிருந்தது என்னைத்தான். அலமேலு எப்படி இருக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள், குழந்தை பள்ளிக்கூடம் போகிறதா என்று ஒரு நாளும் விசாரிக்கவில்லை. என் பாவத்தோடு எனக்கு அவ்வளவு வேலை இருந்தது.

கருணாபுரத்தில் சாராயச் சாவு விழுந்த வாரம் உனக்கு நினைவிருக்கும். நீ பதறிப்போய் போன் செய்தாய். என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. ஆம்புலன்ஸ் சத்தம் பகலெல்லாம் ஓயவில்லை. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். நான்கைந்து நாள் கழித்து ஒரு பெண் கதவைத் தட்டினாள். கூலி வேலை செய்கிறவள், அண்ணனைப் பறிகொடுத்தவள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. வரிசையாக வீடுகளைத் தட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். “பெரியவரே, ஒங்களுக்கு எழுத வருமா? இந்தப் பாரத்த ரொப்பிக் குடுங்க” என்றாள். மறுக்க வாயெடுத்தேன், முடியவில்லை. இறந்தவர் பெயர், தகப்பனார் பெயர், இறந்த நாள், மனுதாரருக்கு என்ன உறவு. பத்து நிமிஷ வேலை. வாங்கிக்கொண்டு நன்றிகூடச் சொல்லாமல் அடுத்த வேலையைப் பார்க்க ஓடினாள். இறந்தவர் பெயர் என்ற கட்டத்தை நிரப்பும்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளையனுக்கு இப்படி ஒரு காகிதம் இருக்கிறதா என்று நான் கேட்டதே இல்லை.

அடுத்த பௌர்ணமிக்கு மலைக்குப் போனேன். மண்டபத்தில் கூட்டம் கூடுகிற நாள் அது. கூரை இப்போது தளமாகியிருக்கிறது. என் போட்டோ சுவரில் பொட்டு வைத்து மாட்டியிருக்கிறது. மேஸ்திரிதான் மண்டபத்துக்குத் தலைவர். எல்லாரும் ஓடி வந்து காலைத் தொட்டார்கள். நான் மேடையில் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அலமேலு வந்ததை, கண்ணை மூடியதை, ஒன்பது நாளை, மேஸ்திரி வாங்கிய கைரேகையை. அவனைக் காட்டியே சொன்னேன். ஒரு கல்லாவது என்மேல் விழும் என்று நினைத்தேன். விழவில்லை. “எவ்ளோ பெரிய மனசு பாத்தியா” என்று முன்னால் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்தாள். மேஸ்திரி எழுந்து வந்து என் காலில் விழுந்து குலுங்கி அழுதான். “எல்லாம் அறியாத காலத்துல பண்ணது சார். இப்ப உள்ள திருந்திட்டேன் சார்” என்றான். கூட்டம் அவனைத் தட்டிக் கொடுத்துச் சமாதானப்படுத்தியது. என் குற்றமும் அவன் குற்றமும் அந்த மண்டபத்தில் பிரசாதம் போல ஆகிவிட்டன. அவன் வண்டி இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கடைசித் தூணுக்குப் பக்கத்தில் கையில் துடைப்பத்தோடு ஒருத்தி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மண்டபத்தைப் பெருக்குகிற வேலை. அலமேலு. கூட்டம் கலைந்ததும் வெளியே குழாயடியில் அவளாகவே வந்தாள்.

“சொல்லிட்டீங்களே சார். மனசு லேசாயிடுச்சா?”

லேசாகத்தான் இருந்தது.

“லேசாயிருந்தா அதுவும் ஒங்களுக்குத்தான். எனக்கு இன்னா வந்துச்சி அதுல?” என்றாள். குரலில் கோபம் இல்லை, கடைக்காரரிடம் கேட்பது போலக் கேட்டாள். “அவரு செத்ததுக்கு ஒரு கடுதாசி இல்ல சார். ரேஷன் அட்டையில இன்னும் அவரு பேரு கீது. பொண்ண ஆஸ்டல்ல சேக்கப் போனா அப்பா இருக்காரா இல்லையான்னு கேக்கறாங்க. இல்லன்னு சொன்னா சான்று குடுன்றாங்க. இருக்காருன்னு சொன்னா வந்து கையெழுத்து போடச் சொல்லுன்றாங்க. நான் இன்னான்னு சொல்ல? டேசன்ல போயி கேட்டா, சண்ட போட்டுக்கினு போயிட்டாருன்னு நானே ரேகை வெச்சிகிறனாம்.”

“நான் எழுதறேன்மா” என்றேன்.

“எழுதுங்க” என்றாள். அவ்வளவுதான். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கிற வரிசையில் அவளோடு நானும் நிற்கிறேன். கேட்கிற வேறு ஆட்களுக்கும் எழுதித் தருகிறேன். எழுத்து முன்பு போல இல்லை. இங்கே கேட்டால், சாவு அந்த மாநிலத்தில் நடந்தது, அங்கே போங்கள் என்கிறார்கள். அங்கே எழுதினால், எங்கள் பதிவில் இருப்பவர் உங்கள் ஆள்தான் என்று கோர்ட் சொல்லட்டும் என்கிறார்கள். அந்தக் கைரேகைக் காகிதம் குறுக்கே நிற்கிறது. ஆஸ்பத்திரிக் கடிதமும் போட்டோவும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. போன வாரம் ஒரு குமாஸ்தா இரக்கப்பட்டு, “பெரியவரே, இனிமே மனுவுல ஆவாதுங்க. வக்கீல் வெச்சாத்தான் முடியும்” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உன் செய்தி வந்தது.

நீ ஆசிரமத்துக்குப் போகக்கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. உன் களைப்பு உண்மை. காலையில் அரைமணி நேரம் உட்கார், மூச்சைக் கவனி, நன்றாகத் தூங்கு. நான்கூட இப்போதும் உட்காருகிறேன், வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு. உள்ளே சரியான பிறகு வெளியே வரலாம் என்று நினைக்காதே என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. உள்ளே சரியாகி முடிகிற நாள் என்று ஒன்று வருவதில்லை. நாம் அங்கே நம்மைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, வெளியே யாரோ ஒருவர் பெயர் சொல்ல முடியாமல் படுத்திருக்கிறார். நீ போவதாகவே முடிவு செய்தால், அந்த ஆறு கரும்பு வெட்டுகிற குடும்பங்களையும் நேரில் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ. போனில் சொல்லாதே. அவர்கள் கேட்பதைக் கேட்டு முடிக்கிறவரை அங்கேயே நில். வழக்குக் கட்டை இன்னொரு வக்கீல் கையில் கொடுத்துவிட்டுப் போ. கண்ணை மூடிக்கொள்ளாதே.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அலமேலு மலையிலிருந்து இறங்குகிறாள். கள்ளக்குறிச்சியில் நான் சேர்ந்துகொள்கிறேன். பதினோரு மணிக்கு விழுப்புரத்தில் உன் ஆபீசுக்கு வந்துவிடுவோம். அங்கே இருக்கிற வக்கீல் என் மகன் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீ இருந்தால் அவள் பேசுவதைக் கேள். இல்லையென்றால், யாரிடம் போக வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போ. பெரிய எழுத்தாக எழுது. அவள் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்.